நீட்டிப்பான் திறப்பு விழா

நியூசிலாந்தின் கிளென் ஈடனில் யசீகரன் வாடகைக்கு இருக்கும் வீட்டில் இணையம் குசினி அடுப்பு வரைக்கும்தான் வரும். ரூட்டர் முன்னறைச் சுவரில் இருந்தது. கணினி பின்னறையில் இருந்தது. அந்தப் பின்னறை ஒருகாலத்தில் கார் நின்ற கராஜ். இதற்கு மருந்தாக அவன் ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய் எக்ஸ்டெண்டர் ஒன்று வாங்கி வந்தான். உள்ளங்கை அளவான வெள்ளைப் பெட்டி. நடையில் இருக்கும் பிளக்கில் செருகினால், முன்னறை இணையத்தைப் பிடித்துப் பின்னறைக்குக் கடத்திவிடும் என்று அட்டையில் படம் போட்டிருந்தது. செருகினான். செம்மஞ்சள் விளக்கு ஒன்று சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது.

அட்டைப்பெட்டிக்குள் செய்முறைத் தாள் ஒன்றும் இருந்தது. அதை விரித்துப் படித்திருந்தால் இந்தக் கதை இவ்விடத்திலேயே முடிந்து, எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம். யசீகரன் படிக்கவில்லை. ‘இதை எப்பிடி வேலை செய்ய வைக்கிறது, ஆருக்கும் தெரியுமோ?’ என்று ஒன்றியத்தின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிட்டான்.

ஒன்றியம் என்றால் மேற்கு ஆக்லாந்து இருகரைத் தமிழர் ஒன்றியம். யாழ்ப்பாணத்துத் தமிழர்களும் தமிழ்நாட்டுத் தமிழர்களும் தனித்தனியே சங்கம் வைத்து, தனித்தனியே சண்டை பிடித்து, கடைசியில் சண்டைக்கு ஆள் போதாமல் ஒன்றாகச் சேர்ந்தபோது உருவானது. அதன் அடிப்படை விதி ஒன்றே ஒன்றுதான். எதைச் செய்தாலும் இரு கரைக்கும் சமமாகச் செய்ய வேண்டும். தலைவர் ஒரு கரை என்றால் செயலாளர் மறுகரை. வரவேற்புரை இரண்டு, நன்றியுரை இரண்டு. இட்லி உண்டென்றால் இடியப்பமும் உண்டு. ஒரு கரையினர் ஒன்று வேண்டும் என்றும், மறுகரையினர் வேறொன்று வேண்டும் என்றும் சொன்னால், இரண்டையும் செய்வார்கள். ஒன்றியத்தின் கணக்கில் கூட்டல் உண்டு, கழித்தல் கிடையாது.

முதலில் அழைத்தவர் செயலாளர் சுந்தரமூர்த்தி. திருச்சிக்காரர், நகர மையத்தில் ஒரு கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர்.

“யசீ ப்ரோ, ரொம்ப சிம்பிள். ரூட்டர்ல ஒரு பட்டன் இருக்கும், அத முதல்ல அழுத்தணும். அப்புறம் ரெண்டு நிமிஷத்துக்குள்ள எக்ஸ்டெண்டர்ல இருக்குற பட்டன அழுத்தணும். லைட் பச்சையாயிடும். அவ்ளோதான்.”

“அவ்வளவுதானோ? நன்றி அண்ணா. இப்பவே அமத்துறன்.”

“வெயிட், வெயிட். நீங்க அழுத்தாதீங்க. தலைவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிடுறேன். டெக்னிகலா இது ரெண்டு நிமிஷ வேலை. ஆனா பிராசஸ்னு ஒண்ணு இருக்குல்ல? பிராசஸ் இல்லாமயே வேலை முடிஞ்சிட்டா அப்புறம் நாம எதுக்கு ப்ரோ?”

யசீகரன் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டான். பத்து நிமிடத்தில் தலைவர் ஜெயரட்ணம் பேசினார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆனாலும் ஊர் முழுக்க அவர் அண்ணைதான்.

“தம்பி, நல்ல நேரத்திலை கேட்டனீர். நகரசபை எங்களுக்கு மின்னுலகத் திட்டம் எண்டு ஒண்டு தந்தது, தெரியுமோ? குடியேறின ஆக்களை இணையத்துக்குக் கூட்டிவாற திட்டம். ரெண்டு வருசமா ஒரு ஆளும் அம்பிடேல்லை. எல்லாரிட்டையும் இணையம் இருக்கு. என்ர வீட்டிலையே உந்தப் பெட்டி ஒண்டு பூட்டிக் கிடக்கு. இணையம் இல்லாத ஒரு தமிழன் இப்பதான் கிடைச்சிருக்கிறார்.”

“எனக்கு இணையம் இருக்கு அண்ணை. பின்னறைக்குத்தான்...”

“பின்னறையிலை இல்லைத்தானே. அது போதும். வாற ஞாயிறு திறப்பு விழா வைப்பம்.”

“பொத்தானை நானே அமத்தினால் முடிஞ்சுது எண்டு செயலாளர் சொன்னவர்.”

“பொத்தானை ஆரும் அமத்தலாம், தம்பி. ஆனா ஆர் அமத்தினது எண்டு ஒரு படம் வேணும். படம் இல்லாட்டி அமத்தினதாகாது.”

இந்த இடத்தில் யசீகரன் மறுத்திருக்க வேண்டும். அவனால் முடியவில்லை. இந்த நாட்டுக்கு அவனும் மனைவி நிருஜாவும் வந்திறங்கிய குளிர்காலத்தில், மெத்தையும் கம்பளியும் கொண்டுவந்து தந்தது ஜெயரட்ணம் அண்ணைதான். மாங்கரேயில் விமான நிலையத்துப் பக்கம் சரக்குக் கிடங்கில் வேலை வாங்கித் தந்ததும் அவர்தான். அவருக்கு இல்லை என்று சொல்ல யசீகரனின் வாய்க்குப் பழக்கமில்லை.

“ஞாயிறு ரெண்டு மணிக்கு எனக்குப் பரீட்சை இருக்கு அண்ணை,” என்று மட்டும் சொன்னான்.

“நாங்கள் பத்தரைக்குத் தொடங்கிப் பதினொண்டுக்கு முடிச்சுப் போடுவம்,” என்றார் தலைவர். தமிழர் விழா ஒன்று பதினொரு மணிக்கு முடிந்ததாக யசீகரன் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் தலையாட்டினான், தொலைபேசியில்.

அந்தப் பரீட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். யசீகரன் கிடங்கில் இரவு வேலை செய்கிறான். நிருஜா ஏவன்டேலில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பகல் வேலை செய்கிறாள். ஒரு கார், பகலில் அவளோடு காப்பகத்துக்குப் போய்வரும் நாலு வயது மகள். விடியற்காலை அவன் வந்து வாசலில் நிற்பான், அவள் புறப்பட்டு வாசலில் நிற்பாள். கார்ச் சாவியும் அன்றைய செய்திகளும் அங்கே கைமாறும். மாலையில் அதுவே மறுபடி நடக்கும். மகள் பிறந்த நாளிலிருந்து அவர்களுடைய குடும்ப வாழ்க்கையின் பெரும்பகுதி அந்த மிதியடியின் மேல்தான் நடந்தது.

இப்போது கம்பெனி அலுவலகத்தில் சுங்க ஆவணம் பார்க்கும் இடம் ஒன்று காலியாகியிருந்தது. பகல் வேலை. பரீட்சையில் சித்தியடைந்தால் அவனுக்குத் தருவதாக மேலாளர் சொல்லிவிட்டார். பரீட்சை வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம். ஆனால் கதவு மூடிய அறையில் தனியே இருக்க வேண்டும். முன்னறைக்குக் கதவே இல்லை. தொலைபேசி அறைக்குள் இருக்கக் கூடாது. கண்காணிப்பாளர் ஒருவர் எங்கிருந்தோ கமெரா வழியே பார்த்துக்கொண்டிருப்பார். இடையில் எழுந்தாலோ, இணைப்பு முற்றாக அறுந்தாலோ பரீட்சை ரத்து. அடுத்த தடவை எழுத ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அலுவலகத்து நாற்காலி அதுவரை காத்திருக்காது.

“அப்ப அந்தப் பொத்தானை இப்பவே அமத்திப் போட்டுப் பேசாமல் இருங்கோவன். ஞாயிறு அவையள் வந்து இன்னொருக்கா அமத்தட்டும்,” என்றாள் நிருஜா.

“லைட் பச்சையா நிண்டால் கண்டுபிடிச்சிடுவினம்.”

நிருஜா கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

புதன்கிழமை காலை, யசீகரன் இரவு வேலை முடித்து வந்து படுத்த கையோடு, ஒன்றியத்தின் ஆய்வுக்குழு வந்துவிட்டது. தலைவர், செயலாளர், பிறகு சமநிலைக்காகக் கரைக்கு ஒருவராக இருவர். நடையின் நீளத்தை அளந்தார்கள். எக்ஸ்டெண்டரை ஆளாளுக்குக் குனிந்து பார்த்தார்கள். பிறகு முன்னறையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் கேட்டார்கள். யசீகரன் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஊற்றினான்.

முதல் பிரச்சினை பெயர். எக்ஸ்டெண்டர் என்று பதாகையில் போட்டால் தமிழ் என்னாவது என்று கேட்டார் தலைவர். ‘அருகலை நீட்டிப்பான்’ என்றார் செயலாளர். ‘இணைய விரிவாக்கி’ என்றார் தலைவர். வழமைபோல இரண்டும் சேர்க்கப்பட்டு, ‘அருகலை இணைய நீட்டிப்பு விரிவாக்கி’ என்று முடிவானது. அந்தப் பெயரை எழுதப் பொருளைவிடப் பதினைந்து மடங்கு பெரிய பதாகை தேவைப்பட்டது.

அடுத்தது பெரிய பிரச்சினை. பொத்தான்கள் இரண்டு இருப்பது ஒன்றியத்துக்கென்றே செய்ததுபோல இருந்தது. கரைக்கு ஒரு சிறப்பு விருந்தினர், ஆளுக்கொரு பொத்தான். ஆனால் யார் முதலில்?

“போன பொங்கலுக்குப் பானையை முதலிலை துழாவினது உங்கட ஆள். இந்த முறை எங்கட முறை,” என்றார் தலைவர்.

“இல்லீங்க சார். எங்க மேடம் கரண்டி வைக்கறதுக்கு முன்னாடியே பால் பொங்கிடுச்சு. அது கணக்குல வராது. மினிட்ஸ்லயே இருக்கு.”

இதில் ஒரு மணி நேரம் போனது. யசீகரன் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தபடியே இரண்டு முறை தூங்கி விழித்தான். மூன்றாம் முறை விழித்தபோது தீர்வு வந்திருந்தது. முதல் பொத்தானைத் தலைவர் கரையின் ஓய்வுபெற்ற பல் வைத்தியர் சரோஜாதேவி அழுத்துவார். இரண்டாவதைச் செயலாளர் கரையில் மளிகைக்கடை நடத்தும் தமயந்தி அழுத்துவார். ஈடாக, பதாகையில் தமயந்தியின் பெயர் முதலில் வரும்.

கடைசியாக நேரம். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம், அதற்குமுன் முடித்துவிட வேண்டும் என்றார் செயலாளர்.

தலைவர் சிரித்தார். “இஞ்ச கோடைக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சது அரசாங்கம். எமனுக்கு அது தெரியுமோ? ஒண்டிலையிருந்து ரெண்டரை மட்டும்தான் உண்மையான எமகண்டம்.”

“நான் கடிகாரத்தத்தான் ஃபாலோ பண்ணுவேன் சார்.”

“நான் சூரியனை.”

வழக்கப்படி கூட்டல் நடந்தது. பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை முழுவதும் எமகண்டம் என்று ஏகமனதாக நிறைவேறியது. யசீகரனுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. அவனுடைய பரீட்சை இரண்டு மணிக்கு.

“தம்பி முகம் ஏன் இப்பிடிப் போச்சு? பத்தரைக்குத் தொடங்கிறம் எண்டு சொன்னனான்தானே,” என்று தோளில் தட்டிவிட்டுத் தலைவர் புறப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகளை நிருஜாவின் கூட்டாளி ஒருத்தி வீட்டில் விட்டுவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். நிருஜா முதல் நாளே ஐம்பது பேருக்குக் கோழிக்கறி சமைத்திருந்தாள். மறுகரைக்குச் சாம்பாரும் வைத்திருந்தாள். பத்தரைக்கு ஒருவரும் வரவில்லை. பதினொன்றுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. பதினொன்றேகாலுக்குக் குத்துவிளக்குகள் இரண்டும் வந்தன. அதன் பிறகுதான் சனம் வந்தது. வாசலில் செருப்பும் சப்பாத்தும் குவிந்து, அஞ்சல் பெட்டி வரைக்கும் போய்விட்டன.

வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். இரண்டாவது வார்த்தையாக வைஃபை பாஸ்வேர்ட் கேட்டார்கள். விழா ஒன்றியத்தின் முகநூலில் நேரலையாகப் போனது. அதே முன்னறையில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் அதைத் தங்கள் தொலைபேசியில் பார்த்தார்கள். எதிரே நடப்பதை நேரே பார்ப்பதைவிட அதில் தெளிவு கூடவாம். கணினிக்கு மட்டுமே சிரமமாக இருந்த இணையம், இப்போது முன்னறையிலேயே மூச்சுத் திணறியது.

விளக்கேற்றினார்கள். இரு கரை வரவேற்புரைகளும் நடந்தன. யசீகரனுக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, நெற்றியில் விபூதி பூசி, ‘பயனாளி’ என்று அறிவித்தார்கள். அவன் தன் சோபாவிலேயே விருந்தாளிபோல ஓரமாக உட்கார்ந்தான்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் சரோஜாதேவி எழுந்து ரூட்டரின் பொத்தானை அழுத்தினார். கைதட்டல். இப்போது இரண்டு நிமிடத்துக்குள் நடையில் காத்திருக்கும் தமயந்தி தன் பொத்தானை அழுத்த வேண்டும். ஆனால் சரோஜாதேவி ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். பேசாமல் பொத்தான் அழுத்திவிட்டுப் போவது பண்பல்ல என்பது அவர் கொள்கை.

“முப்பது வருசம் நான் பல்லுகளுக்கு நடுவிலை இருக்கிற இடைவெளியளைத்தான் பாத்தனான். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவிலை இருக்கிற இடைவெளியும் அப்பிடித்தான். கவனிக்காட்டில் ஊத்தை சேரும்...”

அவர் கடைவாய்ப் பல்லுக்கு வருமுன்பே இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. தமயந்தி அழுத்தியபோது விளக்கு செம்மஞ்சளாகவே சிமிட்டியது.

“ரீ-டேக்,” என்றார் செயலாளர்.

சரோஜாதேவி மறுபடி அழுத்தினார். இம்முறை அவரைப் பேசவிடாமல் தலைவர் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டார். நடையில் தமயந்தி விரலை நீட்டினார். அப்போதுதான் அவருக்குப் பொன்னாடை போர்த்தவில்லை என்பது ஒருவருக்கு ஞாபகம் வந்தது.

“பொன்னாடை இல்லாமல் நான் எப்படிங்க அழுத்துறது? அந்த மேடம் பொன்னாடையோடதானே அழுத்தினாங்க,” என்றார் தமயந்தி. அவர் கேட்டது நியாயம். பொன்னாடை தேடப்பட்டது, போர்த்தப்பட்டது. படம் எடுப்பவரின் தொலைபேசியில் இடமில்லாமல், பழைய விழாப் படங்கள் சில அழிக்கப்பட்டன. எல்லாம் சரியாகி அவர் அழுத்தியபோது விளக்கு கொஞ்சமும் நிறம் மாறவில்லை.

முன்னறை மணிக்கூட்டைச் செயலாளர் பார்த்தார். பன்னிரண்டு.

“எமகண்டம் ஸ்டார்ட் ஆயிடுச்சு. இனி ரெண்டரைக்குத்தான்.”

எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. சாப்பாடு விழாவுக்குப் பிறகுதான் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. ஒரு மணிவரை இரு கரையினரும் பாடினார்கள். பிறகு தலைவர் ஒன்றியத்தின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். ஒன்றரைக்கு அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது யசீகரன் அவர் காதருகே போய்க் குனிந்தான்.

“அண்ணை, ரெண்டு மணிக்கு எனக்குப் பரீட்சை. இணையம் இல்லாமல் எழுதேலாது.”

“யோசியாதையும், தம்பி. பரீட்சையைப் பின்போடச் சொல்லி ஒன்றியத்தின்ர பேரிலை ஒரு கடிதம் தாறன். எங்கட முத்திரையைக் கண்டால் அவையள் மாட்டன் எண்டு சொல்லமாட்டினம்.”

அவர் அதை உண்மையாகவே நம்பினார். அதைப் பார்த்ததும் யசீகரனுக்கு அழுகை வரும்போல இருந்தது. மெத்தை தூக்கிக்கொண்டு வந்த அதே முகம். அந்த முகத்துக்கு முன்னால் பொத்தானை எப்படி அழுத்துவது? அதைவிட, அழுத்தாமல் எப்படி இருப்பது?

அவன் நிமிர்ந்தபோது குசினி வாசலில் நிருஜா நின்றாள். வாசலில் நின்று ஒரு வார்த்தையும் இல்லாமல் ஆளையாள் விளங்கிக்கொள்வதில் அவர்களுக்கு நல்ல பயிற்சி. அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நடைப் பக்கம் மெல்ல நகர்ந்தாள். தலைவர் ஒன்றியத்தின் மூன்றாம் பொதுக்கூட்டத்தைத் தொட்டிருந்தார். யசீகரன் அவருக்குப் பின்னால் போய், தண்ணீர்ப் போத்தல் எடுப்பவன்போல ரூட்டருக்குக் கை நீட்டினான். அழுத்தினான். நிருஜாவைப் பார்த்தான். அவள் கை சுவருக்குப் போய் வந்தது.

பச்சை.

யசீகரன் பின்னறைக்குள் போய்க் கதவை மூடியபோது இரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது.

கணினித் திரையில் கண்காணிப்பாளர் வந்தார். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. அறையைக் கமெராவில் சுற்றிக் காட்டச் சொன்னார். பிறகு அவன் தோளைக் காட்டி அது என்ன என்று கேட்டார். பொன்னாடை. கழற்ற மறந்துவிட்டான். அதன் சரிகைக் கரையில் ஏதோ எழுதியிருக்கிறதே என்று அவர் நெற்றியைச் சுருக்கினார். அது ஒரு சங்கத்தின் பெயர் என்று யசீகரன் விளக்கினான். பரீட்சைக்கு ஏன் சங்கத்தைப் போர்த்திக்கொண்டு வந்தாய் என்று கேட்டார். பொன்னாடையைக் கழற்றி மூலையில் எறிந்தான். பரீட்சை தொடங்கியது.

ஏழாம் கேள்வியில் இருக்கும்போது வெளியே சத்தம் கேட்டது. கராஜ் சுவர் மெல்லியது. எல்லாம் கேட்கும்.

“சார், லைட் பச்சையா இருக்கு!” செயலாளரின் குரல்.

“எமகண்டத்திலை பச்சையோ? ஆர் அமத்தினது?” தலைவரின் குரல்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். திறக்காத பொருள் வேலை செய்வது முறையா என்று ஒருவர் கேட்டார். நேரலையில் இது போய்விட்டதா என்று இன்னொருவர் கேட்டார். நடையிலேயே அவசரக் கூட்டம் கூடியது. யசீகரனின் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன. எழுந்தால் பரீட்சை ரத்து.

“இதுக்கு வழி இருக்கு,” என்றார் செயலாளர். “பின்னாடி சின்னதா ஒரு ரீசெட் ஓட்டை இருக்கு. ஊசி வச்சு அழுத்தினா பழையபடி ஆரஞ்சு ஆயிடும். ரெண்டரைக்கு முறைப்படி திறந்துடலாம்.”

“வேலை செய்யிறதை நிப்பாட்டிப் போட்டுத் திருப்பித் தொடக்கிறதோ?” சரோஜாதேவிக்குக்கூடச் சந்தேகம் வந்துவிட்டது.

“டொக்டர், வேலை செய்யிறது முக்கியமில்லை. எங்களாலை வேலை செய்யிறதுதான் முக்கியம்,” என்றார் தலைவர். “ஆரிட்டையும் ஊசி இருக்கோ?”

தமயந்தி தன் சேலையிலிருந்து கழற்றிக் கொடுத்தார்போலும். மறுகரையிலிருந்தும் ஒரு ஊசி வந்தது. இணைப்பு இன்னும் அறுபடவில்லை, ஆனால் திரையில் கண்காணிப்பாளரின் முகம் அசையாமல் நின்றது. நேரலை பார்க்கும் நாற்பது தொலைபேசிகளும் சேர்ந்து இணையத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. யசீகரன் கண்ணை மூடினான்.

“அண்ணை, அந்த ஊசியைக் கீழை வையுங்கோ.”

நிருஜா. அவள் குரல் உயரவில்லை.

“அமத்தினது நானும் அவரும்தான். உங்களை மதியாமல் செய்யேல்லை. அஞ்சு வருசமா என்ர மனிசன் பகலிலைதான் படுக்கிறவர். லீவு நாளிலை பிள்ளை விளையாடேக்கை நான் வாயிலை விரலை வைச்சு, அப்பா நித்திரை, சத்தம் போடாதை எண்டு சொல்லுறனான். இப்ப நான் சொல்லத் தேவையில்லை. அது சிரிக்கேக்கையும் சத்தமில்லாமல்தான் சிரிக்குது. நாலு வயசுப் பிள்ளை, அண்ணை. அவர் இதிலை பாஸ் பண்ணினால் மூண்டு பேரும் ஒண்டா இருந்து இராவைக்குச் சாப்பிடலாம். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்.”

யசீகரன் கண்ணைத் திறந்தான். எட்டாம் கேள்வி கலங்கித் தெரிந்தது.

“அதுக்காக விழாவை...” என்று தலைவர் மெல்லத் தொடங்கினார்.

“விழாவை விடவேண்டாம். உங்கட வீட்டிலையும் ஒரு எக்ஸ்டெண்டர் இருக்குத்தானே அண்ணை. அதை ரீசெட் பண்ணிப்போட்டு முறைப்படி திறவுங்கோ. பதாகையும் பொருந்தும்.” கார்ச் சாவி கிலுங்கும் சத்தம் கேட்டது. “கோழிக்கறியும் சாம்பாரும் கார் டிக்கியிலை ஏத்தியாச்சு. நான் இப்ப உங்கட வீட்டைதான் கொண்டு போறன்.”

ஒன்றியத்தின் வரலாற்றில் ஓட்டெடுப்பு இல்லாமல், திருத்தம் இல்லாமல், இரு கரையும் ஒரே நொடியில் எடுத்த முடிவு அது ஒன்றுதான். நாற்காலிகள் மடங்கும் சத்தம் கேட்டது. வாசலில் யாருடைய சப்பாத்து யாருடைய காலில் என்ற வழக்கமான தகராறு கேட்டது. கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கடைசிக் கார் தெருமுனை திரும்பியபோது கண்காணிப்பாளரின் முகம் அசைந்து, இணைப்பு சரியாகிவிட்டது, தொடரலாம் என்றது. யசீகரன் எட்டாம் கேள்விக்கு விடை எழுதினான்.

பரீட்சை முடிந்தவுடனேயே முடிவைத் திரையில் காட்டிவிட்டார்கள். அவன் வெளியே வந்தபோது நிருஜா திரும்பி வந்து, தனித்து விடப்பட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று புருவத்தால் கேட்டாள். பாஸ் என்றான். அவள் சிரிக்கத் தொடங்கினாள். சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அடக்கச் சொல்லி யாரும் விரலைக் காட்டவில்லை.

அடுத்த மாதம் யசீகரன் பகல் வேலைக்கு மாறினான். அந்த வாரமே தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“தம்பி, என்ர வீட்டிலை திறப்பு விழா நல்லாத்தான் நடந்தது. படம் எல்லாம் வடிவா வந்திருக்கு. நகரசபைக்கும் அனுப்பியாச்சு. ரீசெட் பண்ணினதிலையிருந்து பின்னறையிலைதான் இணையம் இல்லை. சுந்தரமூர்த்தி அதுக்கு ஒரு உபகுழு போடுறார். அது கிடக்கட்டும். ஒன்றியத்தின்ர நீட்டிப்பானாலை பரீட்சையிலை சித்தியடைஞ்ச முதல் தமிழன் நீர்தான். உமக்குப் பாராட்டு விழா வைக்கோணும். ரெண்டு பொன்னாடை. வாற புதன், பின்னேரம் ஏழு மணிக்கு.”

யசீகரன் தொலைபேசியைக் காதில் வைத்தபடி மேசையைப் பார்த்தான். நிருஜா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மகள் அப்பளத்தை உடைத்து, உடையும் சத்தத்துக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏழு மணிக்கு ஏலாது அண்ணை,” என்றான். “அது நாங்கள் சாப்பிடுற நேரம்.”